மொராவியாவிலிருந்து வந்த சமையல்காரி

"வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன்ர சாப்பாட்டைக் காட்டுறதுக்கோ பிள்ளை நீ கம்பஸ் போனனீ?"

மெல்பேர்ணின் கேரம் டவுன்ஸ் கோயிலில் பூசை முடிந்து, செருப்புத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு அன்ரி என்னிடம் இப்படிக் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒன்று சனி ஞாயிறுகளில் முன்பின் தெரியாத ஆட்களைத் தெருத்தெருவாகக் கூட்டிப் போய், இங்கே இந்தப் பலகாரம், அங்கே அந்தக் குடிவகை என்று காட்டுவதை ஒரு வேலையாக அவரால் நினைக்க முடியவில்லை. எனக்கு முகம் சுட்டது. பதில் சொன்னவர் அம்மாதான்.

"அது சும்மா நடக்கிறேல்ல அக்கா. இவள் கதைச்சுக்கொண்டு முன்னால போவாள். ஆக்கள் கேட்டுக்கொண்டு பின்னால வருவினம்."

"ஆட்டுப்பட்டி மாதிரியோ?"

"ஓம். ஆனா இது இங்கிலிசு ஆடு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் காரில் போய் ஏறிக்கொண்டேன். அன்ரி கேட்டதை வழியிலேயே மறந்துவிட்டேன். அம்மா என் வேலையை ஆடு மேய்ப்பதோடு சேர்த்துச் சிரித்தது மட்டும் வீடு வரை உறுத்தியது. அம்மாவை நினைத்துக் கூச்சப்படும் பழக்கம் அதற்கும் முன்பே எனக்குள் இருந்திருக்கவேண்டும். அன்று அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர். ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்து, கொப்பிக்கு உறை போட்டு முடிப்பதற்குள் அடுத்த ஊருக்கு இடம்பெயரவேண்டி வந்துவிடும் என்பார். அப்பா எட்டு வரை படித்தார். டண்டினோங்கில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். நான் மெல்பேர்ணில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினேன். பட்டமளிப்பில் எடுத்த படத்தை அம்மா சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். உயிரோடிருக்கிறவளின் படத்துக்குப் பூ வைக்கக் கூடாது என்பதால் பூ இல்லை. தூசு மட்டும் தினமும் துடைக்கப்படும். எனக்கு அந்தப் படத்தில் பெருமை அதிகம். வீட்டுக்கு யாராவது வந்தால் சாமியறைக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

அம்மா வேலை செய்வது நகரின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கழகத்தில். செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்களுக்காகக் கட்டிய மண்டபம் அது. ரஷ்ய யுத்தத் தாங்கிகள் தங்கள் ஊருக்குள் வந்த பிறகு கிளம்பி வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஒரு பெரிய கூடம், நீளமான மேசைகள், ஒரு மூலையில் பியர் குழாய், பின்னால் சமையலுக்குக் குசினி. குசினிக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டுகள் வைத்து எடுக்க ஒரு யன்னல். அம்மா அங்கே பாத்திரம் கழுவப் போனவர். அப்போது சமைத்துக்கொண்டிருந்தவர் மொராவியாவிலிருந்து வந்த ஒரு வயதான பெண். மொராவியா என்பது செக் நாட்டின் கிழக்குப் பாதி. அவருக்கு முழங்கால் தாங்காமல் போய், குயின்ஸ்லாந்தில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இல்லாமல் கழகத்தார் அம்மாவைக் கேட்டார்கள். அன்றிலிருந்து அம்மாதான் அங்கே சமையல்.

அவர் அங்கே பாத்திரம் கழுவப் போன முதல் மாதத்தில் நடந்தது ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் சிரிப்புக்குரிய கதை. ஸ்விச்கோவா என்று அவர்களுக்கு ஒரு விசேடச் சாப்பாடு. மாட்டிறைச்சியை கேரட், செலரி வேர் முதலிய கிழங்குகளோடு வேகவைத்து, அந்தக் கிழங்குகளையே அரைத்துப் பாலாடை சேர்த்துக் குழம்பாக்குவார்கள். பரிமாறும்போது இறைச்சியின் மேல் ஒரு எலுமிச்சைத் துண்டு, அதன் மேல் ஒரு கரண்டி பழ ஜாம், அதற்கும் மேல் அடித்து நுரைத்த கிறீம். தட்டுகளை யன்னலில் அடுக்கச் சொன்னபோது, யாரோ பராக்கில் இனிப்பை இறைச்சிக்கு மேல் போட்டுவிட்டார்கள் என்று அம்மா நினைத்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு தட்டுகளிலும் ஜாமையும் கிறீமையும் கரண்டியால் பக்குவமாக வழித்துச் சின்னக் கிண்ணங்களில் போட்டு, "சுவீற், சுவீற்" என்று தனியாக வெளியே அனுப்பினார். மொராவியாக்காரி கதிரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாராம்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. அம்மா அந்தக் குழம்பை இன்றுவரை நாக்கில் வைத்ததில்லை. ஆனால் கழகத்தில் ஒருவரும் உப்புப் போத்தலைத் தேடியதில்லை. ஊரில் கோயிலுக்குப் பொங்கும்போதும் படையலுக்குச் சமைக்கும்போதும் ருசி பார்க்கக் கூடாது. உப்பும் புளியும் மணத்திலேயே தெரியவேண்டும். அம்மா சின்ன வயதிலிருந்தே அப்படிச் சமைத்துப் பழகியவர். பெரிய சட்டியின் மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு "காணாது" என்று ஒரு சிட்டிகை உப்போ, இரண்டு சொட்டு வினாகிரியோ. அவ்வளவுதான். அந்தக் குழம்போடு வைக்கும் க்னெட்லிகி என்ற மா உருளையைக் கை நீளத்துக்குப் பாண் ரொட்டி போல உருட்டி அவிப்பார்கள். கத்தி வைத்தால் நசியும் என்று நூலைச் சுற்றி இழுத்துத்தான் வெட்டவேண்டும். அம்மா அதற்கு வைத்திருப்பது டண்டினோங் கடையில் வாங்கிய பூக்கட்டும் நூல். சாமியறையில் ஒரு நூற்கண்டு, கழகக் குசினியில் ஒரு நூற்கண்டு.

இவ்வளவும் எனக்குத் தெரிந்ததால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வேலை செய்வது ஒரு சின்ன நிறுவனம். வார இறுதிகளில் நகரத்தில் சாப்பாட்டு நடைகள் நடத்துகிறோம். இத்தாலியக் கோப்பிக் கடைகள், வியட்நாமியத் தெரு என்று எல்லாரும் நடத்துவதையே நாங்களும் நடத்திக்கொண்டிருந்தோம். செக் சாப்பாட்டுக்கு ஒரு நடை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்தவர்கள் எங்கே பாண் வாங்கினார்கள், எங்கே பியர் குடித்தார்கள் என்று பழைய இடங்களைக் காட்டி, கடைசியில் கழகத்தில் மதியச் சாப்பாட்டோடு முடிப்பது. முதலாளி கேட்டார்: "அந்தக் கழகத்தில் உனக்கு யாரையாவது தெரியுமா?"

"குசினியில் ஒருவரைத் தெரியும்," என்றேன்.

ஒருவரை. என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அங்க வேலைத்தளத்தில நான் உங்கட மகள் எண்டு சொல்லாதேங்கோ" என்றேன்.

"ஓம் ஓம், சொல்லமாட்டன்," என்றார் உடனே. "கண்பட்டுப்போம். முதல்ல எல்லாம் நல்லா நடக்கட்டும்."

நான் எதற்காகச் சொன்னேன் என்பதை அவர் இப்படி எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இரண்டு மாதம் படித்தேன். நூலகத்தில் பழைய படங்கள் தேடினேன். அந்தப் பெயர்களை எல்லாம் சரியாக உச்சரிக்கப் பழகினேன். பஸ்ஸில் வாயசைத்துக்கொண்டே போவதைப் பார்த்துப் பக்கத்துக் கதிரைக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

முதல் நடைக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தாண்டிய செக் நாட்டவர்கள், கழகத்துப் பக்கம் வந்து பல வருடமானவர்கள்; மிச்சம் அவர்களுடைய பிள்ளைகள். அவர்களில் இருவரை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒருவர் உயரமான, கம்பளித் தொப்பி போட்ட கிழவர். மற்றவர் சிவப்பு ஸ்கார்ப் கட்டிய, சின்ன உருவமான ஒரு பெண்மணி. அவர் நடக்கும்போது அடிக்கடி நின்று கடை முகப்புகளை அண்ணாந்து பார்ப்பார்.

முதல் இடம் ஒரு மூலைக் கடை. இப்போது அங்கே நகத்துக்குப் பூச்சுப் பூசுகிறார்கள். முன்பு அது இறைச்சியும் ஊறுகாயும் ரை பாணும் விற்ற கடை. நான் பழைய படத்தைத் தூக்கிக் காட்டினேன். காட்டியதுதான் தாமதம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சனிக்கிழமை காலையில் வரிசை அந்தத் தபால்பெட்டி வரை நிற்கும் என்றார் ஒருவர். வெள்ளரிக்காய் ஊறவைத்த பீப்பாய் வாசலுக்கு இடப்பக்கம் என்றார் இன்னொருவர். வலப்பக்கம் என்று அவர் மனைவி. இங்கிலிஷ் தெரியாத அந்த நாட்களில் ஊர்ப் பேச்சு கேட்பதற்காகவே பாண் வாங்க வந்ததாகச் சிவப்பு ஸ்கார்ப் பெண்மணி சொன்னார். வீட்டில் பாண் காய்ந்து குவிந்து கிடக்குமாம்.

தொப்பிக்காரர் என்னைப் பார்த்து, "நீ இந்தியாவா?" என்றார்.

"இலங்கை."

"பிராகுக்குப் போயிருக்கிறாயா?"

"இல்லை. வாசித்திருக்கிறேன்."

"வாசித்திருக்கிறாய்," என்றார் அவர். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் செக் மொழியில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அது என்னைப் பற்றித்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததாலேயே அது என்னைப் பற்றித்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு அந்த நடை எனக்கு ஒரு பரீட்சை ஆகிவிட்டது. பேக்கரியில் கொலாச்சே என்ற வட்டப் பணிஸ்களைத் தட்டில் வைத்தபோது, நடுவில் இருக்கும் கறுப்பு என்ன என்று தொப்பிக்காரர் கேட்டார். கசகசாவை அரைத்துப் பாலிலும் சீனியிலும் காய்ச்சியது, ஊருக்கு ஊர் அதற்குள் எலுமிச்சைத் தோலோ கறுவாவோ சேர்ப்பார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். "ம்," என்றார். மதுச்சாலையில் செக் பியரின் நுரை ஏன் மூன்று விரல் உயரம் இருக்கவேண்டும் என்று விளக்கினேன்.

"உனக்குப் பிடிக்குமா?" என்று சிவப்பு ஸ்கார்ப் பெண்மணி ஆசையாகக் கேட்டார்.

"நான் குடிப்பதில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான். எனக்கு அது கூடப் புள்ளி குறைந்ததாகவே பட்டது.

கழகத்துக்கு வந்து நீள மேசையில் உட்கார்ந்தோம். முதலில் ஹ்லெபிச்கி வந்தது. சின்னப் பாண் துண்டின் மேல் உருளைக்கிழங்குச் சலாது, பன்றி இறைச்சி, அவித்த முட்டை, ஊறுகாய் என்று பூச்செண்டு போல அடுக்கியது. பிறகு ஸ்விச்கோவா. குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே தலைக்கு வலை போட்டு, கறுப்பு ரீசேட்டோடு அம்மா தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் எலுமிச்சை, ஜாம், கிறீம். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் பார்வையைத் தண்ணீர்ப் போத்தலுக்கு மாற்றிக்கொண்டேன்.

சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மேசை மெல்ல அடங்கியது. முள்ளுக்கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. சிவப்பு ஸ்கார்ப் பெண்மணி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார். கைத்துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு மறுபடி எடுத்துச் சாப்பிட்டார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். க்னெட்லிகித் துண்டால் தட்டில் கடைசிச் சொட்டுக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது பக்கற்றில் வந்த குழம்பு இல்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, மூன்றும் நிற்கிற இடத்தைப் பார். சமைத்தவள் ஒரு நூறு தடவையாவது ருசி பார்த்திருப்பாள். யார் அது?"

மேசை முழுதும் என் முகத்தைப் பார்த்தது.

அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டமாக வந்து சாப்பிட்டால், கடைசியில் சமைத்தவரை வெளியே கூப்பிடுவார்கள். ஸ்லிவோவிட்சே என்ற பிளம்ஸ் பழச் சாராயத்தைச் சின்னக் கிளாசில் ஊற்றி அவர் கையிலும் கொடுத்து, எல்லாரும் எழுந்து கை தட்டுவார்கள். அந்தக் கேள்வி அதற்கான அழைப்பு. நான் இரண்டு சொல் சொன்னால் போதும்: என் அம்மா.

சொல்லவில்லை. அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. தலைவலை போட்ட, கருத்த, உடைந்த இங்கிலிஷ் பேசும் ஒரு பெண் அந்த யன்னலைத் தாண்டி வந்து நின்றால், தொப்பிக்காரரின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தேன். அவர் வாயில் ருசியாக நின்ற ஊர் அந்த நிமிடமே கரைந்துபோகும், என் இரண்டு மாதப் படிப்பும் அதோடு போகும் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் என்னை வைத்துப் பார்ப்பார்கள் என்பதையும் நினைத்தேன்.

"மொராவியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி," என்றேன். "எண்பது தாண்டிவிட்டது. கூச்ச சுபாவம். வெளியே வரமாட்டார்."

"மொராவியா!" என்று தொப்பிக்காரர் மேசையில் தட்டினார். "நான் சொன்னேன்தானே! எனக்கு நாக்கிலேயே தெரிந்தது."

கிளாசுகளை யன்னல் பக்கமாகத் தூக்கி, காணாத அந்தக் கிழவிக்காகக் குடித்தார்கள். யன்னலில் இன்னொரு தட்டை வைக்க வந்த கை அப்படியே நின்றது. அம்மாவுக்கு இங்கிலிஷ் குறைவுதான். ஆனால் மொராவியா என்ற சொல்லும், எண்பது என்ற எண்ணும், வெளியே வரமாட்டார் என்பதும் அந்தக் குசினியில் வருடக்கணக்காக நின்ற ஒருவருக்குப் புரியாமல் போகாது. தட்டை வைத்துவிட்டு அந்தக் கை உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஸ்கார்ப் பெண்மணி தன் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு யன்னலுக்குப் போனார். நான் இருந்த கதிரையிலிருந்து ஆறு காலடி தூரம் இருக்கும். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவர் செக் மொழியில் நன்றி சொன்னது கேட்டது.

"ப்ரோசிம்," என்றார் அம்மா, பழக்கத்தில். பரவாயில்லை, இருக்கட்டும் என்பது போல ஒரு செக் சொல்.

பெண்மணிக்கு ஆச்சரியம். "நீங்கள் செக் பேசுவீர்களா?"

"லிட்டில். கிச்சின் வேர்ட்ஸ்."

"அந்த மொராவியாப் பெண்மணி எங்கே? ஒரு நிமிடம் அவர் கையைப் பிடித்துவிட்டுப் போகிறேன்."

அம்மா அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சின்ன வகுப்பில் மேடையில் பாட்டு மறந்து நின்றபோது, முன்வரிசையிலிருந்து அடுத்த சொல்லை வாயசைத்துக் காட்டுவாரே, அந்தப் பார்வை.

"ஷீ கோ ஹோம்," என்றார். "லெக் பெயின். ஐ ஒன்லி வாஷ்."

சொல்லிவிட்டு, நம்பவைப்பதற்காகக் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை மறுபடி கழுவத் தொடங்கினார்.

நடை முடிந்தது. மேசையிலிருந்தவர்கள் எழுந்து எனக்குக் கை தட்டினார்கள். தொப்பிக்காரர் என் கையைக் குலுக்கி, "நன்றாகப் படித்திருக்கிறாய், பிள்ளை. உன்னைச் சந்தேகப்பட்டேன், மன்னித்துக்கொள்," என்றார். மனசார மன்னிப்புக் கேட்ட அந்த மனிதரிடம் நான் தலையை ஆட்டினேன்.

வழக்கமாக வேலை முடிந்தால் பின்கதவால் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். அன்று இரண்டு தெரு தள்ளி ட்ராம் தரிப்பில் காத்திருந்தேன். அம்மா தோளில் பையோடு மெதுவாக நடந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைத் திறந்து நீட்டினார். உள்ளே பிளம்ஸ் வைத்து அவித்த உருண்டைகள், மேலே சீனி.

"உனக்கெண்டு எடுத்து வச்சனான். அங்க நீ ஒண்டும் சாப்பிடேல்ல."

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மிச்சப் பாதியைப் பெட்டியிலேயே வைத்தேன்.

"ஏன் பிள்ளை," என்றார், "நான் சரியாத்தானே சொன்னனான்?"

"ஓம்," என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். ஓம் என்று மட்டும் சொன்னேன். பெட்டியை மூடி உள்ளே வைப்பதற்காக அவர் பையை விரித்தபோது, அடியில் ஊதாநிறச் சட்டை ஒன்று தெரிந்தது. என் பட்டமளிப்புக்கு அவர் உடுத்திய சட்டை. அயன் பண்ணிய மடிப்புக் கலையாமல், பொலித்தீன் பையில் சுற்றி இருந்தது. காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோயிருக்கிறார். கூட்டம் சாப்பிட்டு முடிய, சமைத்தவர் என்று தன்னைக் கூப்பிடும்போது ரீசேட்டை மாற்றிக்கொண்டு வெளியே வருவதற்கு. டண்டினோங் வரை ரயில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

பொய் அதோடு நிற்கவில்லை. இணையத்தில் அந்த நடையைப் பற்றி நல்ல குறிப்புகள் வந்தன. எல்லாவற்றிலும் மொராவியாக் கிழவி. எவரும் பார்க்காத கிழவிக்குக் கைப்பக்குவமும் கண்டிப்பும் முளைத்தன. முதலாளி மகிழ்ந்துபோய், அறிவித்தலிலேயே அவரைச் சேர்க்கலாம், "உன்னைத் தவிர எவருக்கும் இப்படி ஒரு ஆளைத் தேடிப் பிடிக்க வராது" என்றார். நான் நன்றி சொன்னேன். அம்மா ஞாயிறுதோறும் போய்ச் சமைத்தார். நான் ஆட்களைக் கூட்டிப்போனபோதெல்லாம் யன்னலைப் பாதி சாத்தி வைத்திருந்தார். யாரும் சாத்தச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அம்மா கழகத்திலிருந்து ஒரு கடித உறை கொண்டுவந்தார். மேலே, சமையற்காரப் பெண்மணிக்கு என்று இங்கிலிஷில் எழுதியிருந்தது. சிவப்பு ஸ்கார்ப் பெண்மணி அனுப்பியது. அம்மாவுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. மேசையில் என் முன்னால் வைத்து, "அந்த மனுசிக்கு வந்தது. என்னவாம் எண்டு பார்," என்றார். அந்த மனுசி. இல்லாத ஒருத்திக்கு அவர் வீட்டுக்குள் இடம் கொடுத்துவிட்டிருந்தார்.

நான் தமிழில் சொல்லிக்கொண்டு வாசித்தேன். அந்தப் பெண்மணி ஊரை விட்டு வந்த நாளுக்கு முதல் ஞாயிறு அவருடைய தாய் ஸ்விச்கோவா செய்தாராம். போகப்போவதைத் தாயிடம் சொல்லவில்லையாம். சொன்னால் விடமாட்டார் என்று, நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு தாயை அவர் பார்க்கவில்லை. "உங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அந்த மேசையில் நான் சொல்லாமல் விட்டதை நினைத்தேன். அன்று உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல முடியாமல் போய்விட்டது. அடுத்த மாத நடைக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து அன்று மட்டும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்."

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"பாவம் மனுசி," என்றார். "திரும்பி வரப்போறா. என்ன செய்யிறது இப்ப?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்டைக்கு நான் லீவு போடட்டே பிள்ளை? நான் நிக்காட்டி, சமைக்கிற மனுசி சுகமில்லாமல் வரேல்ல எண்டு நீ சொல்லலாம்," என்றார்.

என் பொய் நிற்பதற்காக அவர் தன் குசினியிலிருந்தும் விலகத் தயாராக இருந்தார். அதை அவர் ஒரு பெரிய காரியமாகவும் சொல்லவில்லை. மழை வந்தால் துணியை உள்ளே எடுப்போமா என்று கேட்பது போலக் கேட்டார். என்னால் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. எழுந்து சாமியறைக்குள் போனேன். அங்கே முருகனுக்குப் பக்கத்தில் கறுப்பு அங்கியோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தூசு இல்லை.

உடனே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நான்கு நாள் எடுத்தது. முதலில் எழுதிய பதிலில் ஒரு தவறான புரிதல் என்று போட்டிருந்தேன். கிழித்தேன். இரண்டாவதில் நிறுவனத்தின் தவறு என்றேன். அதையும் கிழித்தேன். கடைசியில் எழுதியது ஒரு பக்கம்தான். அதை அனுப்பும் முன் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நேராகச் சொல்ல என்னிடம் துணிவு இருக்கவில்லை. வேறொருவருக்கு எழுதியதை வாசித்துத்தான் என் தாயிடம் சொல்ல முடிந்தது.

"மொராவியாவிலிருந்து வந்த பெண்மணி இப்போது அங்கே இல்லை. நீங்கள் சாப்பிட்டது என் அம்மா சமைத்தது. யன்னலில் உங்களோடு பேசியவர் அவர்தான். பாத்திரம் மட்டும் கழுவுகிறேன் என்று அவர் சொன்னது எனக்காக. அவரை என் அம்மா என்று சொல்ல நான் வெட்கப்பட்டேன். எங்கள் வீட்டில் நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அவர் அந்தக் குழம்பை ஒரு தடவைகூட ருசி பார்த்ததில்லை. மணத்தை வைத்துத்தான் சமைக்கிறார்."

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டேன் என்ற இடத்தில் அவருடைய கால்விரல் ஒன்று அசைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வரியை வாசித்தேன். முடித்ததும் அம்மா சொன்னார்:

"ருசி பாக்கிறேல்ல எண்டதை வெட்டு. சாப்பிட்டதுகளுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"அதை வெட்டமாட்டன் அம்மா."

"உன்ர படிப்புக்கு இதுவும் ஒரு குறை வைக்காதோ? வேலையில பேசமாட்டினமோ?"

"பேசட்டும்."

அவர் எழுந்து குசினிக்குள் போனார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது, யோசிக்கவேண்டும் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார். அறிவித்தலில் நான் எழுதிய பகுதியை நானே திறந்து, மொராவியாக் கிழவி இருந்த வரிகளை அழித்துவிட்டு, மதியச் சாப்பாடு சமைப்பவர் இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவர், என் தாய், என்று எழுதினேன். அதைப் பார்த்து, அடுத்த நடைக்குப் பதிந்திருந்த இரண்டு பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். சிவப்பு ஸ்கார்ப் பெண்மணிக்கு எழுதிய கடிதத்தை ஸ்டேசன் வாசலிலுள்ள சிவப்புத் தபால்பெட்டியில் போட்டு இன்றோடு ஆறு நாள், பதில் இன்னும் வரவில்லை.